பின்னலுக்கும் எழுத்து உண்டு

பின்னல் கோலாட்டம் பார்த்திருக்கிறீர்களா? உயரத்தில் ஒரு வளையம். அதிலிருந்து வண்ண வண்ணமாய்க் கயிறுகள் தொங்கும். கயிற்றுக்கு ஒரு பெண் என நுனியைப் பிடித்துக்கொண்டு வட்டமாக நிற்பார்கள். பாட்டுத் தொடங்கியதும் பாதிப் பேர் வலமாகவும் பாதிப் பேர் இடமாகவும் ஆடியபடியே சுற்றுவார்கள். எதிரே வருபவளை ஒரு முறை வெளிப்பக்கமாகவும் அடுத்தவளை உட்பக்கமாகவும் கடப்பார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலே அழகிய சடை ஒன்று வளர்ந்து இறங்கும். பிறகு அப்படியே பின்னோக்கி ஆடுவார்கள். சடை முழுவதும் அவிழ்ந்து, கயிறுகள் பழையபடி தனித்தனியே தொங்கும். கைதட்டல் கிடைப்பது சடை வளரும்போது அன்று, அவிழும்போதுதான்!

அவிழாவிட்டால்?

அதைத்தான் நான் சில மாதங்களுக்கு முன் நேரில் பார்த்தேன். சாத்தூருக்கு அருகிலுள்ள அச்சங்குளத்தில் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கத்துப் பள்ளி ஒன்றில் மறுநாள் ஆண்டுவிழா. வேப்பமரக் கிளையில் வளையம் கட்டி ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் எட்டுப் பேர் ஒத்திகை பார்த்தார்கள். நான்கு சிவப்புக் கயிறு, நான்கு மஞ்சள் கயிறு. பதினாறு அடி பின்னினார்கள். திரும்பி மூன்று அடி எடுத்து வைத்ததும் கயிறுகள் இறுகி நின்றுவிட்டன. இழுத்துப் பார்த்தார்கள்; இன்னும் இறுகியது. இயற்பியல் விரிவுரையாளர் ஒருவர் ஊரில் இருப்பதாக யாரோ சொல்ல, என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். நானும் இழுத்துப் பார்த்தேன். நிலைமை இன்னும் மோசமாயிற்று!

"அறுத்துவிட்டு வேறு கயிறு வாங்கலாமா?" என்றார் தலைமையாசிரியை. அந்தப் பெண்கள் தங்கள் கைக்காசைச் சேர்த்து வாங்கிய கயிறு அது. ஒருத்தி அழவே தொடங்கிவிட்டாள்.

அப்போது அவளுடைய அம்மாச்சி பேத்தியைத் தேடி வந்தார். ஏறத்தாழ முப்பது ஆண்டு சரவெடி பின்னிய கை அவருடையது. கயிற்றைத் தொடவே இல்லை. கீழிருந்து மேலாக ஒரு முறை பார்த்துவிட்டு, "கடேசி அடி உள்ளயா போட்டீக, வெளியவா?" என்று கேட்டார். எட்டுப் பேருக்கும் நினைவில்லை.

"அப்பறம் எப்படி அவுக்க? கடேசியாப் போட்டத மொதல்ல எடுக்கணும் தாயி. எதப் போட்டோம்னு தெரியாம இழுத்தா இறுகத்தான் செய்யும்."

கணித வல்லுநர்கள் எழுத்துகளில் எழுதும் ஒரு விதியை அவர் பேச்சில் சொல்லிவிட்டார். அந்த விதியும், அதைக்கொண்டு நாமே புதிய பின்னல்களை வடிவமைப்பதுமே இந்தக் கட்டுரை.

பதினாறு அடிகளை எழுதினோம்

நல்லவேளையாக ஓர் ஆசிரியை ஒத்திகையைக் கைப்பேசியில் படம் பிடித்திருந்தார். அதை மெல்ல ஓடவிட்டு, ஒவ்வோர் அடியிலும் சிவப்புக் கயிற்றுப் பெண் மஞ்சள் கயிற்றுப் பெண்ணை எந்தப் பக்கமாகக் கடந்தாள் என்று கரும்பலகையில் எழுதினோம்: வெளி, உள், வெளி, உள்... பதினாறாவது அடி 'உள்'. திரும்பியபின் எடுத்த மூன்று அடிகள்: வெளி, உள், வெளி.

தவறு கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. கடைசி அடியில் சிவப்பு உட்பக்கமாகப் போனது. திரும்பி வரும்போதும் அது உட்பக்கமாகவே வந்திருக்க வேண்டும். 'தொடங்கினால் வெளி' என்று பழகிய கால்கள், திரும்பும்போதும் வெளியிலேயே தொடங்கிவிட்டன. உள்ளே போன கயிறு வெளியே திரும்பி வந்தால் என்ன ஆகும்? மஞ்சள் கயிற்றை ஒரு முழுச்சுற்றுச் சுற்றிவிடும். நான்கு சோடிகள், மூன்று அடிகள். ஆகப் பன்னிரண்டு கொக்கிகள் விழுந்திருந்தன. இழுத்தால் இறுகாமல் என்ன செய்யும்?

அவிழ்ப்பதற்கு மூன்றே விதிகள். அடிகளின் வரிசை தலைகீழாக வேண்டும். நடக்கும் திசை எதிராக வேண்டும். ஆனால் உள், வெளி என்பது மட்டும் மாறவே கூடாது. வெளியே போனது வெளியேதான் திரும்ப வேண்டும். இந்த மூன்றாவது விதியில்தான் பலரும் தவறுகிறார்கள். 'எதிர்' என்றால் எல்லாவற்றையும் எதிராக்க வேண்டும் என்று மனம் எண்ணிக்கொள்கிறது.

இன்னொன்றும் கவனியுங்கள். தவறாகப் போட்ட மூன்று அடிகளை விட்டுவிட்டுப் பழைய பதினாறை அவிழ்க்க முடியாது. தவறுகளும் பின்னலின் பகுதிதான். அவையே கடைசியாகப் போட்டவை. எனவே முதலில் அவற்றை அவிழ்த்தோம்: வெளி, உள், வெளி. கொக்கிகள் விலகின. பிறகு உள்ளில் தொடங்கிப் பதினாறு அடி. கயிறுகள் தனித்தனியே தொங்கியதும் அந்த எட்டுப் பேரும் போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது.

அம்மாச்சியைப் பற்றி ஒரு வார்த்தை. சரவெடியில் வெடிகள் இருபுறமும் வரிசையாக நிற்க அவற்றின் திரிகள் நடுவே ஒன்றாகப் பின்னப்பட்டிருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். (பார்த்தது போதும், பிரித்துப் பார்க்க வேண்டாம், நம் சோதனைகளுக்குச் சணல் கயிறு போதும்.) காற்று மாசு, இரைச்சல், குப்பை ஆகிய காரணங்களுக்காக 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் சரவெடிகளின் தயாரிப்பையும் விற்பனையையும் தடை செய்தது. அந்தப் பின்னல் வேலை அத்தோடு போயிற்று. 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்துப் பட்டாசு ஆலை ஒன்றில் நேர்ந்த வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். அதற்குப்பின் அவர் ஆலைப் பக்கமே போகவில்லையாம். கை மட்டும் சும்மா இருப்பதில்லை. எங்களோடு பேசிக்கொண்டே தேங்காய் நார்க் கயிற்றில் நான்கு இழைப் பின்னல் ஒன்றைப் போட்டார். "எப்படிப் போடுகிறீர்கள் அம்மா?" என்று கேட்டேன். "சொல்லத் தெரியாது சார், கைக்குத் தெரியும்" என்றார். அதை எழுதிவைக்க முடியுமா என்று அன்றே முயன்றோம்.

இழைக்கு எண், கடத்தலுக்கு எழுத்து

மூன்று நூல்களை எடுத்துக்கொள்ளுங்கள்: சிவப்பு, மஞ்சள், பச்சை. மேல்நுனிகளைச் சேர்த்து நாற்காலி முதுகில் கட்டுங்கள். இடமிருந்து வலமாக மூன்று இழைகள். முதல் இழைக்கும் இரண்டாம் இழைக்கும் நடுவிலுள்ள இடைவெளியை 1 என்றும், அடுத்ததை 2 என்றும் வைத்துக்கொள்வோம். ஓர் இடைவெளியில் இரு இழைகள் இடம் மாறும்போது ஒன்று மேலே வரும், மற்றது கீழே போகும். இடது இழை மேலாக வந்தால் 'இ'. வலது இழை மேலாக வந்தால் 'வ'. அவ்வளவுதான் இந்த மொழியின் நெடுங்கணக்கு! இ1 என்றால் முதல் இடைவெளியில் இடது இழை மேலாகக் கடக்கிறது. வ2 என்றால் இரண்டாம் இடைவெளியில் வலது இழை மேலாகக் கடக்கிறது.

அம்மாவோ அக்காவோ காலையில் சடை பின்னுவதைக் கவனியுங்கள். இடது ஓரத்துப் பிரி நடுவுக்கு வரும், வலது ஓரத்துப் பிரி நடுவுக்கு வரும், மீண்டும் இடது. நம் மொழியில் இது இ1 வ2 இ1 வ2... நிறங்கள் எங்கே போகின்றன என்று பாருங்கள்:

தொடக்கம்: சிவப்பு, மஞ்சள், பச்சை
இ1: மஞ்சள், சிவப்பு, பச்சை
வ2: மஞ்சள், பச்சை, சிவப்பு
இ1: பச்சை, மஞ்சள், சிவப்பு
வ2: பச்சை, சிவப்பு, மஞ்சள்
இ1: சிவப்பு, பச்சை, மஞ்சள்
வ2: சிவப்பு, மஞ்சள், பச்சை

ஆறு கடத்தல்களில் ஒவ்வொரு நிறமும் தன் இடத்துக்குத் திரும்பிவிட்டது. நூலைத் தொடாமலே, தாளிலேயே இது தெரிந்துவிடுகிறது அல்லவா? ஒவ்வோர் இழையும் எல்லா இடங்களிலும் ஒரு முறை இருந்து வருவது மின்பொறியாளர்களுக்கும் தேவைப்பட்டது. பெரிய மின்னாக்கிகளின் சுருளில் தடித்த செம்புக்கட்டை ஒன்றை வைத்தால், காந்தப்புலம் இடத்துக்கு இடம் மாறுவதால் மின்னோட்டம் ஒரு பக்கமே நெருக்கும். வெப்பமாக ஆற்றல் வீணாகும். 1912இல் லுட்விக் ரோபெல் என்ற பொறியாளர் கட்டையைப் பல மெல்லிய பட்டைகளாக்கி, ஒவ்வொரு பட்டையும் எல்லா இடங்களிலும் மாறி மாறி இருந்து வருமாறு அமைத்தார். மின்னோட்டம் சமமாகப் பங்கிட்டுக்கொண்டது. அந்த அமைப்பு அவர் பெயராலேயே வழங்குகிறது.

முறுக்கா, பின்னலா?

இப்போது ஒரு சோதனை. கட்டாயம் செய்து பாருங்கள். படித்துவிட்டு நகர்ந்தால் பயனில்லை.

மூன்று நூல்களின் கீழ்நுனிகளை ஒரு பென்சிலில் இடைவெளி விட்டுக் கட்டப் போகிறீர்கள். அதற்கு முன் முதல் தொகுதியில் இ1 வ2 என்பதை மூன்று முறை பின்னுங்கள். இரண்டாம் தொகுதி நூல்களில் இ1 இ2 என்பதை மூன்று முறை பின்னுங்கள். இரண்டிலும் ஆறு கடத்தல்கள். இரண்டிலும் இடைவெளிகள் ஒரே வரிசையில் வருகின்றன. இரண்டிலும் நிறங்கள் தத்தம் இடத்துக்கே திரும்பிவிட்டன. வேறுபாடு எது மேலே, எது கீழே என்பது மட்டுமே.

இரண்டாம் தொகுதியின் பென்சிலைக் கிடையாகப் பிடித்து ஒரு முழுச்சுற்றுத் திருப்புங்கள். (ஒரு திசையில் திருப்பினால் முறுக்கு ஏறும், மறு திசையில் இறங்கும்.) ஆறு கடத்தல்களும் மறைந்து, மூன்று நூல்களும் நேராக நிற்கும்! முதல் தொகுதியில் எத்தனை சுற்றுத் திருப்பினாலும் பின்னல் போகாது.

நம் முன்னோர் இவற்றுக்கு வெவ்வேறு சொற்களையே வைத்திருக்கிறார்கள். இரண்டாவது முறுக்கு, முதலாவது பின்னல். கிணற்றுக்கயிற்றின் முப்புரி முறுக்கால் நிற்கிறது. நுனியைக் கட்டாமல் விட்டால் தானே பிரியத் தொடங்கும். சடையோ மாறி மாறி மேலும் கீழுமாகப் போவதால் நிற்கிறது. சடையில் எந்தப் பிரியையும் விரலால் தொடர்ந்து போங்கள்: ஒரு முறை மேலே, ஒரு முறை கீழே, மீண்டும் மேலே. நீங்கள் வடிவமைக்கும் பின்னல் தட்டையாகவும் கட்டுறுதியாகவும் இருக்க வேண்டுமென்றால் ஒற்றைப்படை இடைவெளிகளில் எப்போதும் இ, இரட்டைப்படை இடைவெளிகளில் எப்போதும் வ என்று வைத்துக்கொள்ளுங்கள். அல்லது இரண்டையும் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். மேல்-கீழ் ஒழுங்கு தானாக அமையும்.

அம்மாச்சியின் நான்கு இழைப் பின்னலும் இதுதான் என்று எழுதியபின் தெரிந்தது: இ1 இ3 வ2, மீண்டும் இ1 இ3 வ2. ஐந்து இழைக்கு எழுத உங்களால் முடியுமா? ஒற்றைப்படை இடைவெளிகள் 1, 3. இரட்டைப்படை 2, 4. ஆகவே இ1 இ3 வ2 வ4. யாரும் கற்றுத்தராமலே ஐந்து இழைச் சடையை நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள்!

இன்னொரு விளையாட்டு. சடைப்பின்னலை இ1 வ2 என்று மூன்று முறை போட்டு, ஒவ்வொரு நிறத்தின் மேல்நுனியையும் அதே நிறத்தின் கீழ்நுனியோடு, பின்னலுக்கு வெளிப்புறமாக வளைத்து, ஒன்றையொன்று சுற்றாமல் முடியுங்கள். மூன்று வளையங்கள் கிடைக்கும். அவற்றைப் பிரிக்க முடியாது. ஆனால் ஏதேனும் ஒரு வளையத்தைக் கத்தரித்துப் பாருங்கள். மற்ற இரண்டும் தாமாகவே பிரிந்துவிடும். எந்த இரண்டும் ஒன்றோடொன்று கோக்கப்படவில்லை, மூன்றும் சேர்ந்தால்தான் பிணைப்பு! இத்தாலியில் பொரோமியோ என்ற குடும்பத்தின் சின்னத்தில் இருப்பதால் இவை பொரோமிய வளையங்கள் எனப்படுகின்றன. அவை உங்கள் தங்கையின் சடைக்குள்ளேயே ஒளிந்திருக்கின்றன.

ஆர்ட்டினின் மூன்று விதிகள்

எழுத்தில் எழுதிவிட்டால் ஒரு சந்தேகம் எழும். இரு வேறு எழுத்து வரிசைகள் ஒரே பின்னலைக் குறிக்கலாமே? குறிக்கலாம். எப்போது, எப்படி என்பதற்கு விடை கண்டவர் வியன்னாவில் 1898இல் பிறந்த கணித மேதை எமில் ஆர்ட்டின். 1925இல் ஜெர்மன் மொழியில் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பு 'சடைகளின் கோட்பாடு' என்று பொருள்படும். மூன்று விதிகள் போதும் என்று அவர் காட்டினார்.

ஒன்று: இ1 வ1 என்று அடுத்தடுத்து வந்தால் இரண்டையும் அடித்துவிடலாம். இடது இழை மேலாகப் போனது; இப்போது அது வலப்பக்கம் இருக்கிறது; மேலாகவே திரும்பி வந்தது. போட்டதை எடுத்தாயிற்று. வெளியே போனது வெளியே திரும்ப வேண்டும் என்ற கோலாட்ட விதியேதான் இது. ஆனால் இ1 இ1 என்றால் அடிக்க முடியாது, அது கொக்கி.

இரண்டு: தொலைவிலுள்ள இடைவெளிகள் ஒன்றையொன்று பாதிக்கா. இ1 இ3 என்றாலும் இ3 இ1 என்றாலும் ஒன்றே.

மூன்றாவது சற்று வியப்பானது: இ1 இ2 இ1 என்பதும் இ2 இ1 இ2 என்பதும் ஒரே பின்னல். மூன்று நூல்களில் செய்து பாருங்கள். இரண்டிலும் இடது ஓர இழை மற்ற இரண்டுக்கும் மேலே கிடக்கும். மேலே கிடப்பதை மேலும் கீழுமாகத் தள்ளினால் ஒன்று மற்றதாகிவிடும்.

நான் கல்லூரியில் இயற்பியல் படித்தபோது இவை யாருக்குப் பயன்படும் என்று கேட்டிருப்பேன். 1984இல் வான் ஜோன்ஸ் என்ற நியூசிலாந்துக்காரர், முற்றிலும் வேறொரு துறையில் ஆராய்ந்துகொண்டிருந்தவர், தம் சமன்பாடுகளும் ஆர்ட்டினின் விதிகளும் ஒத்திருப்பதைக் கண்டார். முடிச்சுகளைப் பிரித்தறிய ஒரு புதிய வழி அதிலிருந்து பிறந்தது. 1990இல் அவருக்குக் கணிதத்தின் உயரிய பரிசான ஃபீல்ட்ஸ் பதக்கம் வழங்கப்பட்டது. அந்தத் துறையைப் பற்றி அவரோடு சேர்ந்து 1997இல் ஒரு நூல் எழுதியவர், சென்னைத் தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றிய வி. எஸ். சுந்தர்.

வீட்டுப் பெண்களின் கைவேலையை எழுத்தில் வடிக்கும் முயற்சியும் நம் ஊருக்குப் புதிதன்று. கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் கோலங்களுக்கு இலக்கணம் வகுத்து 1974இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். கிஃப்ட் சிரோமணி தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். வாசலில் இட்ட கோலம் கணினியியல் ஏட்டில் ஏறியது!

கம்பளியில் ஒரு சடை

இந்த எழுத்துகளை அப்படியே பயன்படுத்தக்கூடிய ஒரு கைத்தொழில் இருக்கிறது: ஊசிகளால் கம்பளிச் சட்டை பின்னுவது. சாத்தூர் வெயிலில் கம்பளிச் சட்டை எதற்கு என்று சிரிக்காதீர்கள். உதகையிலோ கொடைக்கானலிலோ பார்த்திருப்பீர்கள், சட்டையின் நெஞ்சுப்பகுதியில் கயிறு முறுக்கியதுபோல, சடை பின்னியதுபோல மேடான கோலங்கள் ஓடும். இவற்றைக் கேபிள் என்பார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. சட்டை முழுவதும் ஒரே நூல்தான். அப்படியானால் சடைக்கு மூன்று இழை எங்கிருந்து வந்தது? ஊசியில் வரிசையாக நிற்கும் கண்ணிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து ஒரு 'இழை'யாகக் கொள்கிறார்கள். ஒரு வரிசைக்கு மேல் ஒரு வரிசையாக அந்தக் கண்ணிகள் வளரும்போது அது ஒரு தண்டுபோல் மேலே போகும். இரு தண்டுகளை இடம் மாற்றிவிட்டால் கடத்தல்.

எப்படி மாற்றுவது? முகப்புப் பக்கம் பின்னும்போது வேலை வலமிருந்து இடமாக நகரும். வலது இழையின் இரண்டு கண்ணிகளைப் பின்னாமல், இருமுனையும் கூரான சின்ன ஊசி ஒன்றில் ஏற்றித் துணிக்கு முன்புறம் நிறுத்துங்கள். (சின்ன ஊசி இல்லையென்றால் ஊக்கும் உதவும்.) இடது இழையின் இரண்டு கண்ணிகளை முதலில் பின்னுங்கள். பிறகு நிறுத்திவைத்த இரண்டையும் பின்னுங்கள். வலது இழை மேலாகக் கடந்து இடப்பக்கம் போய்விட்டது, இதுவே 'வ'. சின்ன ஊசியைத் துணிக்குப் பின்புறம் நிறுத்திச் செய்தால் இடது இழை மேலே வரும், இது 'இ'. ஆக, முன்னே நிறுத்தினால் வ, பின்னே நிறுத்தினால் இ.

மூன்று இழைக்கு ஆறு கண்ணிகள். இருபுறமும் இரண்டிரண்டு கண்ணிகளைப் புறம் திருப்பிப் பின்னினால், பின்னணி பள்ளமாகிச் சடை மேடாகத் தெரியும். ஒரு முகப்பு வரிசையில் இ1. திரும்பி வரும் வரிசையில் கடத்தல் இல்லை, இருப்பதை இருந்தபடி பின்னுங்கள். அடுத்த முகப்பு வரிசையில் வ2. இதையே தொடர்ந்தால் உங்கள் தங்கையின் சடை கம்பளியில் ஏறிவிடும். கடத்தல் வரும் இடங்களில் துணி உள்வாங்கிக் குறுகும். எனவே சட்டையைத் தொடங்குமுன் உள்ளங்கையளவு மாதிரி ஒன்று பின்னி அளந்துகொள்வது அறிவுடைமை. அளக்காமல் பின்னிய கம்பளிச் சட்டை ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. அது யாருக்கும் பொருந்தவில்லை.

இனி உங்கள் சொந்த வடிவம். இ1 இ1 வ2 வ2 என்று எழுதிப் பாருங்கள். அடிக்கக்கூடிய சோடி ஏதும் இல்லை. எனவே வீணான கடத்தல் இல்லை. ஒற்றைப்படையில் இ, இரட்டைப்படையில் வ. எனவே மேல்-கீழ் ஒழுங்கு கெடவில்லை. நான்கு கடத்தல்களில் எல்லா இழைகளும் தம் இடத்துக்குத் திரும்பிவிடும். நடு இழை இடப்பக்கத் தோழியோடு ஒரு முழுச்சுற்று, வலப்பக்கத் தோழியோடு ஒரு முழுச்சுற்று என்று கைகோத்துக்கொண்டே போகும். சடைபோல இருக்காது, சங்கிலிபோல இருக்கும். இதை நான் தாளில்தான் முதலில் பார்த்தேன், பிறகே நூலில்.

மூன்று இழையில் எத்தனை வடிவங்கள் இருக்கும்? ஒவ்வொரு கடத்தலுக்கும் இ1, வ1, இ2, வ2 என நான்கு வாய்ப்புகள். முதல் கடத்தலுக்கு நான்கு. அடுத்தடுத்தவற்றுக்கு, முந்தையதை அடித்துவிடும் ஒன்றை விலக்கினால் மும்மூன்று. நான்கு கடத்தல் வரிசைகள் மட்டுமே 4 × 3 × 3 × 3 = 108. இவற்றில் சில ஒன்றுபோல் இருக்கும், சில கண்ணாடி பிம்பங்களாக இருக்கும். எவை என்று ஆராய்வது உங்கள் வேலை.

கேபிள் சட்டைகளுக்குப் பேர்பெற்றவை அயர்லாந்தின் மேற்கே கடலிலுள்ள ஆரன் தீவுகள். ஒவ்வொரு மீனவக் குடும்பத்துக்கும் தனி வடிவம் உண்டு, கடலில் மூழ்கியவரைச் சட்டையின் பின்னலைக் கொண்டு அடையாளம் காண்பார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. உருக்கமான கதை, ஆனால் வரலாற்றுச் சான்று இல்லை. ஜே. எம். சிங் எழுதி 1904இல் மேடையேறிய நாடகம் ஒன்றில், இறந்தவனின் காலுறையில் தங்கை தவறவிட்ட கண்ணிகளை எண்ணி அவனை அடையாளம் காண்கிறாள். அங்கிருந்தே அந்தக் கதை வளர்ந்திருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். நாடகத்தில் அடையாளமாவது குடும்பத்தின் கோலம் அன்று, பின்னியவளின் பிழை!

மறுநாள்

மீண்டும் அச்சங்குளத்துக்கு வருவோம். கயிறு அவிழ்ந்ததும் பெண்கள் வீட்டுக்குப் போகவில்லை. கரும்பலகையில் வெளி, உள் என்று எழுதியிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தி, "வேற மாதிரி எழுதினா என்ன வரும் சார்?" என்று கேட்டாள்.

கேள்வி அவளுடையது, விடையையும் அவளே தேடட்டும் என்று விட்டுவிட்டேன். ஒரு கடத்தலில் வெளியே இருக்கும் கயிற்றின் நிறம்தான் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியும். வெளி, உள், வெளி, உள் என்று ஆடினால் ஓர் அடி சிவப்பு, ஓர் அடி மஞ்சள் என்று பொடிப்பொடியாகக் கலந்து தெரியும். எல்லா அடியும் 'வெளி' என்றால்? "முழுக்கச் சிவப்பாத் தெரியும்" என்றாள் ஒருத்தி. சரிதான். ஆனால் சிவப்பெல்லாம் வெளியே, மஞ்சளெல்லாம் உள்ளே. இரண்டும் எங்கும் கோக்கவில்லை. "அது சடையே இல்ல, சுத்தி வச்சது" என்று அம்மாச்சி ஒரே சொல்லில் தள்ளிவிட்டார்.

பிறகு அவர்கள் எழுதியது: வெளி, வெளி, உள், உள். சிவப்பு இரண்டடி மேலே, மஞ்சள் இரண்டடி மேலே. சடையைச் சுற்றிச் சிவப்பு வளையமும் மஞ்சள் வளையமும் மாறி மாறி வரும் என்று ஆடும் முன்னரே வரைந்து காட்டினார்கள். அவிழ்க்கும் வரிசையையும் கீழே எழுதினார்கள்: உள், உள், வெளி, வெளி. பதினாறு அடிக்கும் தாளில் எழுதி ஆளுக்கு ஒன்று வைத்துக்கொண்டார்கள்.

ஆண்டுவிழாவில் வளையங்கள் வரைந்தபடியே வந்தன. அவிழும்போது நான் மேடையைப் பார்க்கவில்லை; முன்வரிசையில் இருந்த அம்மாச்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய விரல்கள் மடியில் ஒவ்வோர் அடிக்கும் உள், உள், வெளி, வெளி என்று அசைந்துகொண்டிருந்தன.